முகூர்த்தம் மாறிய காரணம்

அன்புள்ள செந்திலுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் இரண்டு கேள்விகள் கேட்டாய். இரண்டுக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பத்திரிகை அச்சுக்குப் போகிற நேரத்தில் முகூர்த்தத்தை ஏன் மாற்றினீர்கள், கோயில் மண்டபத்தை விட்டுவிட்டுக் காலனி கம்யூனிட்டி சென்டரை ஏன் பிடித்தீர்கள் என்பது முதல் கேள்வி. மண்டபத்தில் ஏதோ சிக்கல் என்று சொல்லி வைத்தேன். மண்டபத்தில் ஒரு சிக்கலும் இல்லை. இரண்டாவது கேள்வியை நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாய். "அப்பா, ஆர்த்தி அந்த நாள்ல சொல்றது நெஜமா, மத்த நாள்ல சொல்றது நெஜமா? நான் யாரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்?" அதற்கு நான், சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். உன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

பேச்சில் நான் எப்போதும் இப்படித்தான். அலுவலகக் கூட்டங்களில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் காலையில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி அதிகாரியின் மேஜையில் வைப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இதுவும் அந்த மாதிரிக் குறிப்புதான் என்று வைத்துக்கொள். உனக்குத் தமிழ் படிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். மெதுவாகவே படி. ஆர்த்தியிடமும் உன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை, இதெல்லாம் வெளியே சொல்லாமல் வைத்திருந்துதான் நாம் இத்தனை நாள் திண்டாடினோம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

முதலில், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆர்த்திக்கு இருப்பது உன் அம்மாவுக்கும் இருந்தது. டெல்லியில் மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், மாதத்தில் சில நாள் அம்மாவுக்குத் தலைவலி என்று உன்னிடம் சொல்வேனே, நினைவிருக்கிறதா? நீ உடனே புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஷர்மா ஆன்ட்டியிடம் போய்விடுவாய். அங்கே பராட்டா கிடைக்கும் என்பதால் அம்மாவின் தலைவலி உனக்கு அவ்வளவு வருத்தமான விஷயமாக இருக்கவில்லை. அது தலைவலி இல்லை. தலை வலித்தால்கூட அவள் சமாளித்திருப்பாள்.

எங்கள் கல்யாணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முகூர்த்தம் மாறிய காரணம் அங்கேதான் இருக்கிறது. நம் வீடுகளில் நாள் குறிக்கும்போது, பெண்ணின் அம்மாவிடம் பெரியவர்கள் யாராவது ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ப் பெண்ணுக்குத் தேதி எப்போது என்று கேட்பார்கள். மணவறையில் உட்காருகிற நாள் மாதவிலக்கு நாளாக இருக்கக் கூடாது. அதனால் அந்த நாட்களைக் கழித்துவிட்டு, பெரும்பாலும் அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு முகூர்த்தம் பார்ப்பார்கள். முன்கூட்டியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று, தள்ளிப்போடுவதற்கு மாத்திரையும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் குறித்தார்கள். கேட்டு வந்தது உன் அத்தை. மாத்திரையை வாங்கி வந்தது அம்மாவின் சித்தி.

தென்காசியில் நடந்த அந்தக் கல்யாணத்தின் ஆல்பத்தை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். எல்லாப் படத்திலும் அம்மாவின் கண் வீங்கியிருக்கும். பிறந்த வீட்டைப் பிரிகிற பாசம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உன் அத்தை அதைப் பந்தி பந்தியாகப் போய்ச் சொல்லிவந்தாள். எனக்கு மட்டும் உள்ளூர ஒரு பயம். இந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை, கட்டாயப்படுத்திக் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்கள் என்று தீர்மானம் செய்துகொண்டேன். மெட்ராஸில் ரயில் ஏறும்போதும் அழுதுகொண்டிருந்தாள். நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்வாள். எதிர் சீட்டில் இருந்த ஒரு பட்டாளத்துக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மறுநாள் ஜான்சி தாண்டிய பிறகு, அவள் தானாக எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, டீ வாங்கித் தருவீங்களா என்று கேட்டாள். டீ குடித்துக்கொண்டே, வெளியே தெரிந்த எருமைகளைக் காட்டி, எங்க ஊர் எருமையைவிட இது கறுப்பா இருக்கே என்று சிரித்தாள். டெல்லி ஸ்டேஷனில் இறங்கும்போது அவள் வேறு பெண். வடக்கத்திக் காற்று அவளுக்கு ஒத்துக்கொண்டது என்று நான் வெகு காலம் நம்பினேன். ஊருக்குக் கடிதத்தில்கூட அப்படி எழுதினேன். மாத்திரையை நிறுத்தியதும் ரயிலில் அவளுக்குத் தேதி வந்துவிட்டது, அதோடு மனத்தில் இருந்த மூட்டம் கலைந்துவிட்டது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவளுக்கும் அப்போது தெரியாது.

பிறகு மாதாமாதம் அந்த மூட்டம் வந்தது. தேதிக்கு ஒரு வாரம், சில மாதம் இன்னும் கூடுதலாக. தூக்கம் போய்விடும். பாத்திரம் விழுகிற சத்தம் அவளுக்கு அடி விழுகிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எத்தனை பிள்ளைகள் கத்தினாலும் நிதானம் தவறாதவள், வீட்டுக்கு வந்து ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்ததற்காக அழுவாள். தேதி வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ எல்லாம் சரியாகிவிடும். சரியானதும், நான் ஏன் இப்படிப் பேசினேன் என்று கேட்டு, அந்த வெட்கத்தில் இன்னும் சில நாள் போகும். ஒரு மாதத்தில் அவளுக்கென்று மிஞ்சியது ஏறக்குறைய பாதிதான்.

நீ ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் என்னிடம், அம்மா நம்மளை விட்டுட்டுப் போயிடுவாங்களா என்று கேட்டாய். அன்று காலையில் அவள், நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பீர்கள் என்று சொன்னது உன் காதில் விழுந்திருக்கிறது. நான் உன்னிடம் தலைவலிக் கதையையே மறுபடி சொன்னேன். அலுவலகத்தில் அன்று எனக்கு எழுதவே ஓடவில்லை. மாலையில் வந்து அவளிடம் நீ கேட்டதைச் சொன்னேன். அவள் கணக்கு டீச்சர் மாதிரியே பேசினாள். "ஒவ்வொரு மாசமும் ஒரே வாரத்துல எனக்கு இந்த வீடு பிடிக்காமப் போகுது. அடுத்த வாரம் பிடிச்சிருது. வீடு மாறலியே. அப்ப மாறுறது எனக்குள்ளதான இருக்கு? டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

முதலில் பார்த்த டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, சப் கோ ஹோதா ஹை என்று சொல்லி அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் வருவதுதான் என்றால் நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று வழியெல்லாம் அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கோ, டாக்டரே சொல்லிவிட்டாரே என்ற எண்ணம். அவள் விடவில்லை. இன்னொரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டரைத் தேடிப் பிடித்தாள். மனநல மருத்துவர். அவர் உடனே மருந்து எழுதவில்லை. இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் அன்றைய தூக்கம், கோபம், அழுகை, மனச்சோர்வு எல்லாம் எவ்வளவு இருந்தது என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார். மாதம் முழுக்க இருக்கிற சோர்வு வேறு, தேதிக்கு முன்னால் வந்து தேதியோடு போகிறது வேறு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அதனால் எது என்று முதலில் தெரியவேண்டும் என்றார்.

இரண்டு மாதம் கழித்து அவர் சொன்னதை நான் அப்படியே மனத்தில் வாங்கிக்கொண்டேன். இதற்குப் பி.எம்.டி.டி. என்று பெயர். சாதாரணமாகப் பல பெண்களுக்கு வருகிற எரிச்சல், உடல் வலியைவிட இது மிகக் கடுமையானது, கொஞ்சம் பேருக்குத்தான் வரும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் ஹார்மோன்கள் எல்லாருக்கும் ஏறி இறங்குகிற மாதிரிதான் இவர்களுக்கும் ஏறி இறங்குகின்றன. அந்த ஏற்ற இறக்கத்தை இவர்களுடைய மூளை தாங்கிக்கொள்வதில்லை. குணக்கோளாறு இல்லை, வளர்ப்புக் கோளாறு இல்லை, மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் போய்விடுவதும் இல்லை. இதை அவர் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா அழுதாள். அது எந்த வாரத்து அழுகையும் இல்லை.

மாத்திரை கொடுத்தார். சிலருக்கு அதைத் தினமும் கொடுப்பார்களாம், சிலருக்கு மாதத்தின் பின்பாதியில் மட்டும். அம்மாவுக்குப் பின்பாதியில் மட்டும் போதுமானதாக இருந்தது. முதல் மாத்திரை வயிற்றைப் புரட்டியது, மாற்றிக் கொடுத்தார். அதோடு காலையில் நடை, நேரத்துக்குத் தூக்கம், அந்த வாரத்தில் காபியைக் குறைப்பது. ஒரு ஆலோசகரிடமும் சில மாதம் போய் வந்தாள். முழுக்கப் போய்விடவில்லை. முன்பு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தவள், இப்போது கதவைச் சாத்திக்கொண்டாள், அவ்வளவுதான் என்று சொல்லலாம். அந்த வித்தியாசம் எங்களுக்குப் போதுமாக இருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு அதுவும் போய்விட்டது. இப்போது அவள் கோபப்பட்டால் அதற்கு நான் மட்டும்தான் காரணம்.

இதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லவேண்டும், நீயும் அதைச் செய்யக்கூடியவன், என் பிள்ளை அல்லவா. டாக்டர் குறிக்கச் சொன்னது அவளை. அதை நான் எடுத்துக்கொண்டு, சமையலறைக் காலண்டரில் அந்த வாரத்தைச் சிவப்பு மசியால் வட்டம் போட்டுவைத்தேன். எல்லாம் ஒழுங்காக நடக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான். ஒரு தடவை, அம்மாவைக் கேட்காமல், வேலை தேடி வந்த ஒன்றுவிட்ட தம்பியை நம் வீட்டில் தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இரண்டு அறை வீடு, அவளுக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற சமயம். என்ன இது என்று அவள் கேட்டபோது, என் கண் என்னையறியாமல் காலண்டர் பக்கம் போயிற்று. அவள் பார்த்துவிட்டாள். "காலண்டரப் பாக்காதீங்க. என்னப் பாருங்க. நான் கேட்டது சரியா தப்பா, அதச் சொல்லுங்க." சரிதான் என்று சொன்னேன். "சரின்னு எனக்கே தெரியும். கோவம் கொஞ்சம் சாஸ்தியா வந்திருக்கும். விஷயம் சாஸ்தி இல்ல." அன்றைக்கே அந்தக் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டாள். தம்பி முனிர்காவில் அறை பார்த்துக்கொண்டு போனான். அவனுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

இனி ஆர்த்தி விஷயத்துக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவள் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பார். அப்புறம் நவம்பரில் ஒரு நாள், இந்தக் கல்யாணம் வேண்டாம், வேறு பெண் பார்த்துக்கொள் என்று உனக்கு மெசேஜ் அனுப்பினாள். சில நாள் கழித்து அழுதுகொண்டே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அதிலிருந்துதான் உனக்கு இந்தச் சந்தேகம். அந்த மெசேஜுக்குப் பின்னால் இருந்தது உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து போகிற வீட்டில் ஆர்த்தி இதற்குச் சாப்பிட்டுவரும் மாத்திரையின் அட்டை கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்கள் என்று அவளுடைய அம்மா பயந்து, கல்யாணம் முடிகிறவரை நிறுத்திவை என்று சொல்லியிருக்கிறார். அவளும் அம்மா பேச்சைக் கேட்டு நிறுத்திவிட்டாள். நமக்குப் பயந்துதான் அந்த மெசேஜே வந்தது என்றுகூடச் சொல்லலாம். இப்போது டாக்டரைப் பார்த்து மறுபடி ஆரம்பித்துவிட்டாள். இனிமேல் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது இந்த மாதம் அவள் ரவிக்கை அளவுக்காக வீட்டுக்கு வந்தபோது. வெயிலுக்காக இருவரும் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா தன் பழைய கதையைச் சொன்னாள். பிறகு அந்தப் பெண் தன் டெல்லித் தமிழில் சொன்னது என் காதில் விழுந்தது. "ஆன்ட்டி, நீங்க எல்லாம் சேந்து வெச்ச டேட் இருக்கே, அது எனக்கு சப்ஸே கராப் வாரம், இருக்கறதுலயே மோசம். அதுக்கு மேல அம்மா தள்ளிப்போட டேப்லெட் வேற வாங்கி வெச்சிருக்காங்க. கஸின் கல்யாணத்துக்கு ஒரு தடவை போட்டு ரொம்ப மோசமாச்சு, டாக்டரே இது உனக்கு ஒத்துக்காது, வேண்டாம்னு சொல்லிட்டாங்க. என் கல்யாணத்துல நான் இருக்கவே மாட்டேன் ஆன்ட்டி. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

எனக்கு மேலே கேட்கக் கூச்சமாக இருந்தது. பால் வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். வீட்டில் பால் இருந்தது. பார்க்கை நாலைந்து சுற்று சுற்றினேன். எனக்குத் தென்காசி ஆல்பம்தான் கண்ணில் நின்றது. கேட்டு வந்து, கழித்துப் பார்த்து, எல்லோரும் சேர்ந்து கவனமாக ஆர்த்திக்கும் மிக மோசமான வாரத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறோம். அதே தப்பை இரண்டு தலைமுறையாகச் செய்கிறோம், முறைப்படி செய்கிறோம் என்ற திருப்தியோடு.

ஜோசியர் தை மாதத்தில் உன் லீவுக்குள் இரண்டு முகூர்த்தம்தான் கொடுத்திருந்தார். இரண்டாவது, ஆர்த்தி கணக்குப்படி, தேதி வந்த இரண்டாம் மூன்றாம் நாளாக இருக்கும். அதனால்தான் உன் அத்தை அதைத் தள்ளிவிட்டாள். ஆர்த்தியிடம் கேட்டோம். "அங்கிள், வயிறு வலிக்கும். பெயின்கில்லர் போட்டுப்பேன். ஆனா அன்னைக்கு நான் நானா இருப்பேன்" என்றாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும், நீங்கள் சம்மதித்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றார்கள். அவளுடைய அப்பா விமானப்படையில் இருந்தவர், இந்தப் பேச்சு முடிகிறவரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார், குளிர்காலத்தில். அவரோடு எனக்கு நன்றாக ஒத்துப்போகும் என்று தோன்றியது.

மீதி இருந்தது உன் அத்தை. அவள் வேண்டாம் என்றால் நம் உறவில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். நீயே பேசேன் என்று அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "நான் பேசினா நாத்தனார் சண்டையாப் போயிரும். நீங்க பேசுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க, பொய் சொல்லதுக்கு உங்களுக்குத் தைரியம் கிடையாதுன்னு அவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

அத்தை வீட்டுக்கு மெட்ரோவில் போகும்போது சொல்லவேண்டியதை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். அத்தை கூடத்தில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு பங்கு தள்ளிவிட்டாள். நானும் உரித்துக்கொண்டே, மாதவிடாய்க்கு முந்தைய காலகட்டத்தில் சில பெண்களுக்கு ஏற்படக்கூடிய மனநிலை மாற்றங்கள் என்று ஆரம்பித்தேன். அத்தை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னல, நியூஸ் வாசிக்க மாதிரி பேசுத? வீட்டுல எதும் பிரச்சனையா?" அதற்குப் பிறகு வரிசையெல்லாம் போய்விட்டது. எங்கள் கல்யாணத்தில் உன் அம்மா ஏன் அழுதாள் என்று சொன்னேன். ரயிலைச் சொன்னேன். நீ பஸ் ஸ்டாப்பில் கேட்டதைச் சொன்னேன். கடைசியாக ஆர்த்தியைச் சொன்னேன், முகூர்த்தத்தைச் சொன்னேன். என் வாழ்க்கையில் உன் அத்தையிடம் நான் இடைவிடாமல் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் உரித்த பட்டாணியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "நல்ல பாசமான புள்ளைன்னு நான் ஊரெல்லாம் சொன்னேனே" என்றாள். பாசமானவள்தான் அக்கா, ஆனால் அன்றைக்கு அழுதது அதற்காக இல்லை என்றேன். "தேதி கேட்டு வந்தவளும் நான்தான" என்றாள். அப்புறம் அவள் குரல் பழையபடி அதிகாரமாக மாறிவிட்டது. "கோயில் மண்டபம் வேண்டாம். அது எனக்கு மனசு ஒப்பாது, நீ என்ன படிச்சிருந்தாலும் சரி. உங்க காலனி கம்யூனிட்டி சென்டர் சும்மாத்தான கிடக்கு? அங்க வை. யாருக்கும் காரணம் சொல்லாண்டாம். எவளாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு. எனக்கு இது தெரியும்னு அந்தப் புள்ளைட்டயும் சொல்லாத, கூச்சப்படும்." இதுதான் மண்டபம் மாறிய கதை. ஆர்த்தியிடம் நான் சொல்லிவிட்டேன், எனக்கு மறைக்கத் தெரியாது. அவள் அத்தைக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசினாளாம். என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்ல மறுக்கிறார்கள்.

உன் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுவதற்கு முன்னால், நடைமுறையில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எவ்வளவு சரி என்று தெரியாது, எங்கள் வீட்டில் பலித்தது. அந்த வாரத்தில் உனக்கு என்ன வேண்டும், பக்கத்தில் இருக்கவேண்டுமா, தள்ளி இருக்கவேண்டுமா என்று ஒரு நல்ல நாளில் அவளிடமே கேட்டுவைத்துக்கொள். உன் அம்மாவுக்கு யாரும் பேசக் கூடாது, ஆனால் வீட்டைவிட்டு வெளியே போகவும் கூடாது. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து ரேடியோ கேட்பேன், அவள் காதில் விழாத சத்தத்தில். சமைக்கக் கற்றுக்கொள். என் ரசம் அப்போது வந்ததுதான். வேலையை விடுவது, உறவை முறிப்பது மாதிரியான முடிவுகளை அந்த வாரத்தில் எடுப்பதில்லை என்று அம்மா தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தாள், ஆர்த்தியும் அதை எடுத்துக்கொண்டிருக்கிறாள். நீயும் அந்த வாரத்தில் எதற்கும் தீர்ப்பு எழுதாதே. உனக்கு வலித்தால், வலித்தது என்று பிறகு சொல், அதை அவள் தாங்கிக்கொள்வாள். ஆபீஸில் நண்பர்கள் மனைவியரின் அந்த நாட்களைப் பற்றி ஜோக் அடிக்கும்போது நீ சிரிக்காமல் இருந்தாலே போதும்.

ஒன்றில் மட்டும் தயங்காதே. வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி அவள் ஒரு வார்த்தை சொன்னாலும், அது அந்த வாரத்துப் பேச்சு என்று ஒதுக்காதே. தனியாக விடாதே, அவளிடமே நேராகக் கேள், மாத்திரைகளை உன் பொறுப்பில் வைத்துக்கொள், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு. உன் அம்மா அன்று காலையில் சொன்னதை நான் சாயங்காலம் வரை விட்டுவைத்தேன். நல்லபடியாக முடிந்தது. அது என் சாமர்த்தியம் இல்லை.

இவ்வளவும் எழுதி, உன் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எது நிஜம் என்று நானும் பல வருஷம் கேட்டவன்தான். அம்மா வந்து இதுவரை எழுதியதை வாங்கிப் படித்தாள். ரயிலில் எருமையைப் பற்றித் தான் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்கிறாள். இருக்கலாம். பிறகு, "இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசன? நான் சொல்லுதேன், எழுதுங்க" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"செந்திலு, ரெண்டும் நான்தான். உனக்குச் சோறு ஊட்டினதும் நான்தான், கதவப் பூட்டிக்கிட்டு அழுததும் நான்தான். அந்த வாரத்துல எனக்கு உங்க ரெண்டு பேரையும் பிடிக்காமப் போகல. என்னய எனக்குப் பிடிக்காமப் போயிரும். ஆர்த்தி உனக்கு வேண்டாம்னு மெசேஜ் அனுப்பினது உன்ன வேண்டாம்னு இல்லடா. அவ உனக்கு லாயக்கில்லன்னு அவளுக்குத் தோணிருக்கு. அதுக்கு நீ என்ன பதில் சொன்ன? மூணு நாள் போன எடுக்கல. அதத்தான் அவ இப்பவும் நினைச்சுக்கிட்டு இருக்கா."

இதை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். நீ போனை எடுக்காத செய்தி எனக்குத் தெரியாது. ஆர்த்தி அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. உன்னைக் கடிந்துகொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, நானாக இருந்தாலும் பயந்து அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார். தன் கல்யாணத்தில் தான் இருக்கவேண்டும் என்பதற்காக, ஊரும் உறவும் கூடாது என்று சொல்கிற நாளை அந்தப் பெண் கேட்டு வாங்கியிருக்கிறாள். உடம்பு எல்லா மாதமும் கணக்குப்படி நடப்பதில்லை, ஓரிரு நாள் முன்னே பின்னே ஆகலாம். ஆனாலும் அவள் அன்று வயிற்று வலியோடு, தன் முழு நினைவோடு வந்து மணவறையில் உட்காருவாள். சடங்குகளைச் சுருக்கமாக முடிக்க புரோகிதரிடம் பேசிவிட்டேன். இடையில் அவள் எழுந்து போய் வர நேரமும் வைத்திருக்கிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் பதில் எழுதாதே. அவளைக் கூப்பிடு. இன்றைக்கு அவளுக்கு நல்ல நாளா கெட்ட நாளா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டு கூப்பிடவும் வேண்டாம்.

உன் அப்பா